இடப்பக்கக் கண்ணாடி

நான் நல்ல சாரதி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முப்பத்தொரு வருடம் அரச பஸ் ஓட்டினேன். கொழும்பில் பதினொரு வருடம், மிச்சமெல்லாம் கல்முனையில். ஓய்வுபெற்ற நாளில் என் சேவைப் பதிவுக் கோவையைத் திறந்து காட்டினார்கள். அத்தனை வருடத்துக்கும் ஒரேயொரு சிவப்பு மைக் குறிப்புத்தான் அதில் இருந்தது.

போன மாதம் டிப்போவிலிருந்து மூன்று சாரதிகள் சாய்ந்தமருதில் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது வரும் புதிய பஸ்களில் கதவு மூடாவிட்டால் வண்டி நகராதாம். பக்கத்திலும் பின்னாலும் கமரா பூட்டியிருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறார்கள், அதில் நான் பேச வேண்டும் என்றார்கள். வந்தவர்களில் மூத்தவர் நியாஸ்.

"நாநா, ஒங்கட கிட்டங்கிக் கதையச் சொன்னாக் காணும். எல்லாரும் அதத்தான் கேக்காங்க."

"எனக்கு நிண்டு பேச ஏலா. எழுதித் தாறன், நீங்க வாசிங்க" என்றேன்.

கிட்டங்கிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு மாரியில் நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கித் தாம்போதிக்கு, ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த வீதிக்கு, மேலால் வெள்ளம் பாய்ந்தது. பஸ் நிறைய ஆசிரியர்களும் கந்தோர் ஆட்களும். "நேத்தும் இதாலதானே போன? எடுங்க டிரைவர்" என்று ஒரு பாடசாலை அதிபர் அவசரப்படுத்தினார். நான் இறங்கிக் காற்சட்டையை மடித்துக்கொண்டு ஒரு தடியுடன் தண்ணீருக்குள் நடந்தேன். பாதித் தூரத்தில் தண்ணீர் காலை இழுத்தது. திரும்பி வந்து வண்டியைத் திருப்பினேன். பின்னேரம் பார்த்தால் வீதியின் ஒரு கரை அடியோடு அரித்துப் போயிருந்தது. இதுதான் கதை. இதற்காக எனக்கு மாலை போட்டார்கள். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயம் வந்தது, திரும்பினேன். அதில் பெரிய வேலை ஒன்றும் இல்லை.

நான் எழுத வேண்டும் என்று நினைப்பது அந்தச் சிவப்புக் குறிப்பைப் பற்றி.

வாகனம் ஓட்டப் பழகியது சாகாமத்து வயல்களில், உழவு மெசினில். பிறகு அக்கரைப்பற்றில் ஒரு நெல் முதலாளியின் லொறி. இருபத்தேழு வயதில் அரச பஸ்ஸுக்கு எடுபட்டேன். நியமனம் கொழும்புக்கு. மூன்று மாதப் பயிற்சியில் சிங்களமும் நகரத்து வீதிகளும் ஒன்றாகப் பழகின. அதுவரை நான் ஓட்டிய இடங்களில் எதிரே வருவது மாடு. கொழும்பில் எட்டுத் திசையிலிருந்தும் வாகனம் வந்தது. ஆறு மாதத்தில் அதுவும் சரியாகிவிட்டது.

என் வழி மட்டக்குளியில் தொடங்கி, கொட்டாஞ்சேனை, ஆமர் வீதி, மருதானை என்று நகரத்தின் நடுவால் புகுந்து வெள்ளவத்தையில் முடியும். காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் அந்த வழியில் ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும். பின்கதவு மிதிபலகையில் ஏழெட்டுப் பேர் தொங்குவார்கள். உள்ளே ஒருவர் தோளில் ஒருவர் நின்றபடியே தூங்குவார்கள், தங்கள் தரிப்பிடம் வந்ததும் தாங்களாகவே கண் திறப்பார்கள். போர்க்காலச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டால் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஓடிவந்து அதே இடத்தில் நிற்பார்கள். எனக்கு அவர்களின் பெயர் தெரியாது. யார் எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார் என்பது தெரியும். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் சுகமில்லையோ என்று யோசிப்பேன்.

எங்கள் டிப்போவில் போக்குவரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் குணபால மாத்தயா, தமிழில் சொன்னால் குணபால ஐயா. மெலிந்த, நெட்டையான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்பார், இரண்டாம் தரமும் அதே சொற்களில். முதல் பதிலையும் இரண்டாம் பதிலையும் தனித்தனியாக எழுதுவார். சாரதிகளைச் சோதிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. முன்னறிவித்தல் இல்லாமல் ஏதாவதொரு தரிப்பிடத்தில் ஏறுவார். இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். பஸ்ஸின் நடுவில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் நிற்பார். போய்ச் சேரும்வரைக்கும் அவர் கம்பியைப் பிடிக்கவேண்டி வரவில்லையென்றால் இறங்கும்போது தலையை ஒரு தரம் ஆட்டுவார். பிடிக்க வேண்டி வந்தால், எந்த இடத்தில், எத்தனை தரம் என்று எழுதிக்கொண்டு போவார். என்னுடைய வண்டியில் அவர் நான்கு வருடத்தில் இரண்டே தரம்தான் கம்பியைப் பிடித்தார். இரண்டு தரமும் நாய் குறுக்கே ஓடியது.

தரிப்பிடத்தில் இருந்து வண்டி எடுப்பதற்கு அவர் சொல்லித் தந்த முறை இது. நடத்துனர் ஒரு பெல் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் எடு. இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் இரண்டு பெல் கேட்டதும் எடுக்கக் கூடாது. இடப்பக்கக் கண்ணாடியில் பின்கதவில் தொடங்கி முன்கதவுவரை பார்க்க வேண்டும். ஒரு கால் நிலத்தில் இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பிறகு வலப்பக்கக் கண்ணாடி. மறுபடியும் இடப்பக்கம். அதற்குப் பிறகுதான் கிளச்சிலிருந்து கால் எழும்ப வேண்டும். "பெல் நடத்துனருடையது. கண்ணாடி உன்னுடையது" என்பார். இடம், வலம், இடம். மனதுக்குள் சொல்லிக்கொண்டே நாளைக்கு நூறு தரமாவது இதைச் செய்தேன்.

ஒரு நாள் செய்யவில்லை.

மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமை. சோதனைச் சாவடியில் பதினைந்து நிமிடம் போய்விட்டது. ஆமர் வீதித் தரிப்பிடத்தில் வழக்கத்தைவிட இரட்டிப்புக் கூட்டம். என் நடத்துனர் நிமல், சனத்துக்குள் மாட்டுப்பட்டு வண்டியின் நடுவில் நின்று டிக்கட் கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு பெல் கேட்டது. அந்த நேரம் ஒரு தனியார் பஸ் என் வலப்பக்கத்தில் உரசுவதுபோல வந்து முன்னால் வெட்டப் பார்த்தது. நான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். விடக்கூடாது என்று நினைத்தேன். எடுத்தேன்.

வண்டி இரண்டு பாகம், பன்னிரண்டு அடிகூடப் போயிருக்காது. பஸ்ஸின் தகரத்தில் வெளியிலிருந்து கைகள் படபடவென்று அடித்தன. பிரேக்கை மிதித்துவிட்டு இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய நேரத்துக்குப் பிறகு பார்த்தேன். ஒரு பெண் வீதிக் கரையோரம் கிடந்தார்.

அவரை எனக்குத் தெரியும். தினமும் அதே தரிப்பிடத்தில் ஏறிப் பம்பலப்பிட்டியில் இறங்குபவர். ஒரு கம்பெனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். பெயர் லோகேஸ்வரி என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டு மற்றக் காலை எடுக்குமுன் வண்டி நகர்ந்திருக்கிறது. சில்லு ஏறவில்லை. ஆனால் வீதிக் கரைக் கல்லில் அடிபட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்றும்போது அவர் சத்தம் போடவில்லை. "வேலைக்குச் சொல்லணும், வேலைக்குச் சொல்லணும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பொலிஸில் வாக்குமூலம் எடுத்தார்கள். டிப்போவில் நிமலையும் என்னையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, மூன்று கிழமையில் விசாரணை என்றார்கள்.

நிமலும் நானும் கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவனுக்கு அப்போது தற்காலிக நியமனம். ஊரில் மனைவிக்கு எட்டு மாதம். அன்று அறைக்கு வந்ததும் என் முன்னால் உட்கார்ந்தான். எங்கள் பேச்சு எப்போதும் சிங்களத்தில்தான்.

"பாவா, நான் பெல் அடிக்கவில்லை. என் பிள்ளைமேல் ஆணையாக அடிக்கவில்லை."

என் முழுப் பெயர் ஆதம்பாவா. கொழும்பில் எல்லாருக்கும் நான் பாவா.

"நான் இரண்டு பெல் கேட்டேன் நிமல்."

"கேட்டிருக்கலாம். அடித்தது நானில்லை. ஆனால் யார் நம்புவார்கள்? கதவடியில் நில்லாமல் நடுவில் நின்றதே என் பிழை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்."

அடுத்த நாள் டிப்போவின் தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் வந்தார். அனுபவசாலி. விஷயத்தை நேராகச் சொன்னார். "அந்தப் பெண் ஓடும் பஸ்ஸில் ஏறப் பார்த்தாள். இரண்டு பேரும் இதை மட்டும் சொல்லுங்கள். மிதிபலகையில் நின்றவர்களும் அப்படித்தான் பொலிஸில் சொல்லியிருக்கிறார்கள். விஷயம் முடிந்தது." அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு குடும்பத்தைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லோகேஸ்வரியின் அம்மா கட்டிலடியில் உட்கார்ந்து மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிஷம் லேட்டாப் போனா என்ன? ஓடுற பஸ்ல ஏறுவியா?" பொலிஸில் அப்படித்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நான்தான் சாரதி என்று சொன்னதும் எழும்பி என் கையைப் பிடிக்காத குறையாக, "மன்னிச்சிருங்க தம்பி, இவளால உங்களுக்கும் கஷ்டம்" என்றார்.

லோகேஸ்வரி மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல அண்ணன். ஒரு கால் வெச்சது தெரியும். நான்தான் அவசரப்பட்டேன் போல. என் தப்பாத்தான் இருக்கும்."

விழுந்தவரே எனக்கு வழி திறந்து விடுகிறார். கொண்டுபோன தோடம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். ஒரு தேநீர்க் கடையில் வெறும் தேநீரை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பிறகு ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போது எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்துக் கடைக்கு எடுத்து மனைவி சுபைதாவைக் கூப்பிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நிமலின் நிலையையும் சொன்னேன்.

"இஞ்ச பாருங்க," என்றாள். "தொழில் போனாப் போகட்டும். ஒங்களுக்கு மெசின் ஓடத் தெரியும், லொறி ஓடத் தெரியும். நாம பசியில கிடக்க மாட்டம். ஆனா அந்தப் புள்ளைட கால ஒடச்சிப் போட்டு, புழையும் அவடதான் எண்டு சொல்லிற்று வந்தீங்கெண்டா, ஒங்கட முகத்த நான் எப்புடிப் பாக்கிற?"

"நிமலுக்கு என்ன சொல்ற?"

"அவருக்குத் தெரியாதத நீங்க சொல்லாதீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க."

அன்றிரவே நிமலிடம் சொன்னேன், நான் உள்ளதைத்தான் சொல்வேன் என்று. காலையில் அவன் தன் பையையும் பாயையும் எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான்.

விசாரணை குணபால மாத்தயாவின் அறையில் நடந்தது. மேசையில் ஒரு பென்சில், ஒரு அடிமட்டம், எங்கள் கோவைகள். வேறு ஒன்றும் இல்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"என்ன நடந்தது?"

"இரண்டு பெல் கேட்டது மாத்தயா. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்."

எழுதினார். "என்ன நடந்தது?"

அதையே சொன்னேன். அதையும் எழுதினார்.

"ஏன் பார்க்கவில்லை?"

"தனியார் பஸ் ஒன்று முந்த வந்தது. அதை முந்த விடக்கூடாது என்று நினைத்தேன்."

"பெல் அடித்தது யார்?"

"தெரியாது. நிமல், தான் அடிக்கவில்லை என்கிறான். அவன் என்னிடம் பொய் சொன்னதில்லை."

கோவையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "அந்தப் பெண் ஓடும் வண்டியில் ஏறினாள் என்று இதில் ஐந்து பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். நீ ஏன் அப்படிச் சொல்லவில்லை?"

"நான் பார்க்கவில்லை மாத்தயா. பார்த்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார்."

முதல் தடவையாக அவர் கேள்வியை இரண்டாம் தரம் கேட்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்.

தீர்ப்பு உடனே வரவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் ஒரு காரியம் செய்தார். அதே நேரத்துக்கு, அதே பஸ்ஸில், ஆமர் வீதியில் ஏறி நடுவில் நின்றார். வேறு சாரதி, வேறு நடத்துனர், ஆனால் அதே ஆட்கள். ஒவ்வொருவரிடமும் பக்கத்தில் போய், அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கே நின்றீர்கள், உங்கள் பக்கத்தில் யார் நின்றது என்று கேட்டார். மறுநாள் அதே கேள்வியை அதே ஆளிடம் மறுபடியும் கேட்டார். எட்டாவது நாள் மருதானையில் இறங்கும் ஒரு வயதான எழுதுவினைஞர் தானாகவே அவரிடம் வந்தாராம். "அன்றைக்கு நான்தான் கையை நீட்டிப் பெல்லை அடித்தேன். கந்தோர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள் என்ற அவசரம். அந்தப் பிள்ளை ஏறுவதை நான் காணவில்லை" என்று சொல்லிவிட்டு அழுதாராம். அவருடைய பெயரை மாத்தயா எங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நிமலுக்கு எச்சரிக்கை மட்டும். வேலை தப்பியது. நான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினேன். டிப்போவில் என் கோவையில் சிவப்பு மையால் எழுதினார்கள். மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். அந்த மூன்று மாதமும் எனக்கு என்ன வேலை என்பதைக் குணபால மாத்தயா தீர்மானித்தார்.

"ஆமர் வீதித் தரிப்பிடத்தில் நில். காலையும் மாலையும் வரிசையை ஒழுங்குபடுத்து. நம் பஸ் ஒவ்வொன்றும் எடுக்கும்போது சாரதியின் கண் எங்கே போகிறது என்று பார்."

முதல் கிழமை அவமானமாக இருந்தது. தெரிந்த சாரதிகள் ஹோன் அடித்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். சட்டையில் சேறு தெறித்தது. இரண்டாம் கிழமையில் சிரிப்பெல்லாம் காதில் விழவில்லை. வேறொன்றைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். ஆறு வருடமாக அந்த இடத்தை நான் ஆசனத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் அது ஒரு தரிப்பிடம், இருபது விநாடி. கீழே நின்று பார்த்தால்தான் மிதிபலகை எவ்வளவு உயரம் என்று தெரிகிறது. சாறி உடுத்த பெண் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் குடையுமாக அதில் ஏற எத்தனை நேரம் எடுக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு விநாடி. பெல்லுக்கும் கிளச்சுக்கும் நடுவில் நாங்கள் கொடுத்தது மூன்று.

இதை ஒரு தாளில் எழுதி மாத்தயாவிடம் கொடுத்தேன். எந்தச் சாரதி கண்ணாடியைப் பார்க்கிறார், எவர் பார்ப்பதில்லை என்பதை எழுதவில்லை. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"பெயர்கள் எங்கே?"

"பார்க்காதவர்களுக்கு நானே நேரில் சொல்லிவிட்டேன் மாத்தயா. ஒவ்வொருவரிடமும் போய்."

தலையை ஒரு தரம் ஆட்டினார்.

நிமலுக்குப் பிள்ளை பிறந்த கிழமை அவன் என் அறைக் கதவைத் தட்டி ஒரு தட்டில் பாற்சோறு தந்தான். தந்துவிட்டுப் பேசாமல் போனான். இன்னும் இரண்டு கிழமை கழித்துத்தான் கதைத்தான். மாதம் மாறியபோது பாயோடு திரும்பி வந்துவிட்டான்.

மூன்று மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது லோகேஸ்வரி தரிப்பிடத்துக்கு வந்தார். கையில் ஊன்றுகோல். பக்கத்தில் அம்மா. இதற்கிடையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போய், விழுந்தது உங்கள் பிழையில்லை, என் பிழை என்று அம்மாவின் முன்னால் சொல்லியிருந்தேன். அம்மா அன்று என்னைப் பார்த்துக் கத்தினார். கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அது தேவையாகவும் இருந்தது.

ஒரு பஸ் வந்தது. லோகேஸ்வரி இரண்டு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். பஸ் போனது. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. நான் கை காட்டி நிறுத்தி வைத்திருக்கிறேன், ஆறுதலாக ஏறுங்கள் என்றேன். தலையசைத்தார், ஆனால் கால் வரவில்லை.

"நீங்க எப்ப ஓட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

"வாற திங்கக்கிழம மிஸ்."

"அப்ப நான் திங்கக்கிழமையே வாறேன்."

எனக்கு விளங்கவில்லை. "என்ட பஸ்ஸிலதானே மிஸ் விழுந்தீங்க?"

"ஆமா. அதனாலதான். மத்தவங்க பாப்பாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நீங்க இனிமே பாக்காம எடுக்க மாட்டீங்க."

திங்கட்கிழமை ஏழு இருபதுக்கு ஆமர் வீதியில் வண்டியை நிறுத்தினேன். கூட்டம் முழுதும் ஏறிய பிறகு கடைசியாக அவர் வந்தார். ஊன்றுகோலை முதலில் உள்ளே வைத்தார். பிறகு நல்ல கால். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், மற்றக் காலைத் தூக்க நேரம் எடுத்தது. நிமல் கதவடியில் பெல்லில் கை வைக்காமல் நின்றான். பின்னாலிருந்து யாரோ நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். ஒரு பெண் எழும்பி இடம் கொடுத்தார். லோகேஸ்வரி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்தார். பெல் இரண்டு தரம் கேட்டது. இடம், வலம், இடம்.

அன்று வெள்ளவத்தைக்கு நான்கு நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். நேரக்காப்பாளர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பிந்தியதற்கு என்ன காரணம் எழுத என்று கேட்டார்.

"ஒரு ஆள் ஏறினாங்க" என்றேன்.